குறைந்தது இரண்டு வரிகள்

புதிய பதிப்பு ஆகஸ்டில் வருகிறது.
தமிழாக்க வேண்டிய சரங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
பகலில் திருத்துறைப்பூண்டி கூட்டுறவுக் கடன் சங்கத்தில்
நகை எடை, சிட்டா, அடங்கல்.
ஐந்தரைக்கு மேல் அதே நாற்காலியில்
சம்பளமில்லாத இந்த வேலை.

புதிதாக என்னென்ன?
தட்டத் தட்டப் பின்னாலேயே சேமித்துக்கொள்ளும்;
மின்சாரம் போனால் அரைச் சொல்கூடப் போகாது.
இருள் தோற்றத்தில் அட்டவணைக் கோடுகள் இனித் தெரியும்.
பதினாறாயிரம் நெடுவரிசை:
தாலுகா பாக்கி மொத்தமும் ஒரே தாளில் அடங்கும் என்றேன்.
செயலாளர் சந்தானகோபாலன்
சிரித்தார், அவ்வளவுதான்.

புள்ளி வைத்த எழுத்து
வரியின் தொடக்கத்தில் ஒண்டியாய் வந்து விழாது இனிமேல்.
இந்த ஒன்றுக்காக மூன்று வருடம்
வழு எழுதிப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் இது:
ஒரு கலத்தைக் கடைசியாக யார் மாற்றினார் என்று
அதன் தலையிலேயே காட்டும்.
புயல் வருடம் இது இருந்திருந்தால்
நூற்று நாற்பது தென்னை
நாற்பது தென்னையானது யார் விரலால் என்று
பெயரோடு, மணியோடு தெரிந்திருக்கும்.

சரம் நானூற்று ஏழு.
பத்தியின் கடைசி வரி மட்டும்
பக்கம் தாண்டித் தனியே போய் நின்றால்
ஆங்கிலத்தில் அதற்கு விதவை என்று பெயர்.
முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தங்கிவிட்டால்
அநாதை.
பழைய தமிழ்ப் பதிப்பில் அதை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள்:
விதவைக் கட்டுப்பாடு.
பக்கத்தில் ஒரு சதுரப் பெட்டி,
அதில் ஒரு டிக்.

மனு அடிப்பது சங்கத்து வேலையில்லை. அடிக்கிறேன்.
செண்பகவடிவு ஓய்வூதிய மனுவுக்காக வந்திருந்தார்.
திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது.
படித்தார். இன்னொரு முறை படித்தார்.
"இதுக்குப் போயி தனியா பொட்டி என்னத்துக்கு?
எங்க தெருவுல அது பாட்டுக்கு
ஓடிக்கிட்டுதானே இருக்கு?"
நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அன்றிரவு அந்தச் சொல்லை அழித்தேன்.
வேறு சொல் வரவில்லை.
மேட்டூர் திறந்து பதினோரு நாள்;
மூணாறு தலைப்பில் பிரிந்து வருகிறதாம்,
முள்ளியாற்றில் இன்னும் முழங்கால் இல்லை.
வெளியே யாரோ போனில் கத்திக்கொண்டிருந்தார்:
கடைமடைக்கு எப்போ வரும், அதைச் சொல்லு முதல்ல.

அடித்தேன்:
கடைமடை வரி, குறைந்தது 2.
தலைமடை வரி, குறைந்தது 2.

கோயம்புத்தூர்க்காரர் எழுதினார்:
கலைச்சொல் பட்டியலில் இல்லை, பயனர் குழம்புவார்.
யாழ்ப்பாணத்திலிருந்து நிர்மலன்:
மடை என்றால் எங்களுக்குக் கோயில் படையல் அல்லவா?
சர்க்கரைப் பொங்கல் ஞாபகம் வருகிறது.
நான் எழுதினேன்:
போய்ச் சேரும் இடத்தில் ஒன்று மட்டும் நிற்கக் கூடாது,
கூட ஒன்றாவது போக வேண்டும்.
கட்டளையின் பொருளே இவ்வளவுதான்.

சரங்கள் உறைவது கிரீன்விச் நள்ளிரவில்,
நமக்கு விடிகாலை ஐந்தரை.
ஐந்து பத்துக்கு நிர்மலன்:
கடைமடை இருக்கட்டும்.
தலைமடை வேண்டாம், தொடக்க வரி என்று போடும்.
போட்டேன்.
பாதி வாய்க்கால் தூர்வாரியது போல இருந்தது.

சோதனைப் பதிப்பில்
செண்பகவடிவின் மனுவைத் திறந்தேன்.
இரண்டாம் பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு வரி.
பெட்டியில் டிக் வைத்தேன்.
முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி
இறங்கி வந்து அதன் மேலே நின்றது:

இதற்கு முன் மூன்று முறை மனு கொடுத்துள்ளேன்.
ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.